எனக்குக் கேட்குது, அவங்களுக்குக் கேட்கலை: ஸ்விட்ச் போர்ட்டில் முன்னுரிமை

என்னோடு பி.இ. படித்த நண்பன் ஒருவன் சின்னதாக ஒரு கால் சென்டர் நடத்துகிறான். இரண்டாம் மாடியில் 24 பேர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசுவார்கள். தரைத்தளத்தில் ஒரு ராக், அதில் தொலைபேசி சர்வர், ஸ்டோரேஜ், இன்டர்நெட் ரவுட்டர். ஒருநாள் கூப்பிட்டு, "டேய், சாயங்காலம் நாலு மணி ஆனா வாய்ஸ் உடையுது. கால் மணி நேரம் கழிச்சு தானா சரியாயிடுது. ஒரு தடவை வந்து பாருடா" என்றான். நான் மென்பொருள் எழுதுகிறவன், நெட்வொர்க் என் தொழில் இல்லை. ஆனாலும் இந்த மாதிரி புதிர் என்றால் எனக்குத் தூக்கம் வராது. போனேன்.

அவன் ஏற்கெனவே நிறைய செலவு செய்திருந்தான். இன்டர்நெட் வேகத்தை 100 மெகாபிட்டிலிருந்து 200-க்கு ஏற்றியிருந்தான். பிரயோஜனம் இல்லை. பாதிப் பேருக்குப் புது ஹெட்செட் வாங்கிக் கொடுத்திருந்தான். அதுவும் பிரயோஜனம் இல்லை. இதைவிட மோசமான ஒன்றும் நடந்திருந்தது. அந்த நேரத்தில் அதிகமாகப் பேசும் ஒரு பெண்ணுக்கு "சரியாகப் பேசவில்லை, வாடிக்கையாளர் பாதியில் வைத்துவிட்டார்" என்று மதிப்பெண் குறைந்து, இரண்டு மாத ஊக்கத்தொகை போயிருந்தது.

அவரிடம் பேசினேன். "சார், அவங்க பேசுறது எனக்கு நல்லா கேட்குது. நான் பேசுறதுதான் அவங்களுக்குக் கேட்கலைங்கிறாங்க. எல்லாரும் என் மைக்குதான் சரியில்லைன்னு சொல்றாங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருக்கிறது. எனக்கு அது புரிய இரண்டு நாள் ஆனது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஸ்விட்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு போர்ட்டில் ஃபிரேம் உள்ளே வரும். அதில் உள்ள முகவரியைப் பார்த்து எந்தப் போர்ட் வழியாக வெளியே அனுப்ப வேண்டும் என்று முடிவாகும். அந்த வெளிப் போர்ட் சும்மா இருந்தால் உடனே போய்விடும். வேறு ஃபிரேமை அனுப்பிக்கொண்டிருந்தால் பஃபர் என்கிற நினைவகத்தில் காத்திருக்கும். அதான் வரிசை. வரிசை உருவாவது பெரும்பாலும் வெளியேறும் பக்கத்தில்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதை வைத்துத்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

நண்பன் அலுவலகத்தில் மாடி ஸ்விட்சில் 24 ஜிகாபிட் போர்ட். ஒவ்வொன்றிலும் ஒரு ஐபி போன், அந்தப் போனின் முதுகில் ஒரு கம்ப்யூட்டர். மாடியிலிருந்து கீழே இறங்குவது ஒரே ஒரு ஜிகாபிட் கேபிள். நாலு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அப்போது 24 கம்ப்யூட்டரும் அன்றைய திரைப் பதிவுகளைக் கீழே உள்ள ஸ்டோரேஜுக்கு ஒரே நேரத்தில் காப்பி செய்யும். 24 ஜிகாபிட் வரக்கூடிய இடத்திலிருந்து 1 ஜிகாபிட் வழியாக வெளியேற வேண்டும். மாடி ஸ்விட்சின் அந்த அப்லிங்க் போர்ட்டில், கீழே போகும் திசையில் மட்டும் வரிசை கட்டும். கீழேயிருந்து மேலே வரும் திசையில் ஒன்றும் இல்லை. ஒரே கேபிள்தான், ஆனால் இரண்டு திசையும் தனித்தனி. அதனால்தான் வாடிக்கையாளர் குரல் மேலே சுத்தமாக வந்தது, இந்தப் பெண்ணின் குரல் கீழே போகும் வழியில் உடைந்தது.

"ஆனா அப்லிங்க் கிராஃப்ல 20 சதவீதம்தானே காட்டுது?" என்று நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த கிராஃப் ஐந்து நிமிடச் சராசரி. மாடி ஸ்விட்சின் மொத்தப் பஃபர் 4 மெகாபிட், அதாவது 512 கிலோபைட். விலை குறைந்த 24 போர்ட் ஸ்விட்சுகளில் இது சகஜமான அளவு, அதையும் எல்லாப் போர்ட்டும் பங்குபோட்டுக்கொள்ளும். 24 கம்ப்யூட்டரும் ஒரே கணத்தில் முழு வேகத்தில் தள்ளினால் 23 ஜிகாபிட் உபரி. 4 மெகாபிட் நிரம்ப எவ்வளவு நேரமாகும்? ஒரு மில்லி விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. நிரம்பியதும் அடுத்து வருவது குப்பைக்குப் போகும். கோப்பு காப்பி டிசிபியில் போகிறது, தொலைந்ததை மறுபடி அனுப்பிக்கொள்ளும், கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு மறுபடி ஏற்றும். இந்தத் துடிப்பு எதுவும் ஐந்து நிமிடச் சராசரியில் தெரியாது. குரல் அப்படி இல்லை. போன பாக்கெட் போனதுதான்.

குரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜி.711 முறையில் 20 மில்லி விநாடிப் பேச்சு 160 பைட். அதன் மேல் ஆர்டிபி 12, யூடிபி 8, ஐபி 20, ஆக 200. ஈதர்நெட் தலையும் வாலும் 18 சேர்த்தால் 218 பைட். விநாடிக்கு 50 பாக்கெட். 87.2 கிலோபிட். 24 பேருக்கும் சேர்த்து சுமார் 2.1 மெகாபிட்.

அதாவது அந்தக் கேபிளில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதுதான் தொலைந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் ஒருவருக்குச் சம்பளம் குறைந்தது.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துவிடுகிறேன். முன்னுரிமை கொடுத்தால் பாக்கெட் வேகமாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். கேபிளில் எல்லா பிட்டும் ஒரே வேகம்தான். முன்னுரிமை என்பது வரிசையில் யார் காத்திருப்பது, இடம் இல்லாதபோது யாரை வெளியே தள்ளுவது என்ற முடிவு மட்டுமே. வரிசை இல்லையென்றால் முன்னுரிமைக்கு வேலையே இல்லை. கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் மாதிரி. கூட்டம் இல்லாத நாளில் டிக்கெட் வாங்கியவரும் வாங்காதவரும் ஒன்றாகத்தான் உள்ளே போவார்கள். கூட்டம் இருக்கிற நாளிலும் அந்த டிக்கெட் செல்லுபடியாவது வரிசை நிற்கிற இடத்தில்தான், செருப்பு விடும் இடத்தில் இல்லை.

ஜிகாபிட் கேபிளில் தாமதம்கூட பெரிய பிரச்சினை இல்லை. ஒரு முழு அளவு ஃபிரேம் வெளியேற சுமார் 12 மைக்ரோ விநாடிதான். 512 கிலோபைட் பஃபர் முழுவதும் நம் முன்னால் நின்றாலும் 4 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குப் போதும் என்பது ஐடியூ ஜி.114 பரிந்துரை. அதோடு ஒப்பிட்டால் 4 ஒன்றுமே இல்லை. ஆக இங்கே முன்னுரிமை செய்ய வேண்டிய வேலை குரலுக்குத் தனியாகக் கொஞ்சம் பஃபர் இடம் பிடித்துவைப்பது. வேகம் இல்லை, இடம். (512 கிலோபிட் பழைய டிஎஸ்எல் லைனில் கதை வேறு. அங்கே ஒரு 1500 பைட் பாக்கெட் வெளியேறவே 23 மில்லி விநாடி ஆகும். அப்போது தாமதமும் பெரிய விஷயம்.)

இனி நான் செய்த முட்டாள்தனம். ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தில் கியூஓஎஸ் என்று ஒரு பகுதி, அதில் "போர்ட் ப்ரையாரிட்டி" என்று ஒரு கட்டம். அப்லிங்க்தானே பிரச்சினை என்று அப்லிங்க் போர்ட்டுக்கு உச்ச எண்ணான 7-ஐப் போட்டு, சேமித்துவிட்டு, டீ குடிக்கப் போனேன். நாலு மணிக்கு அதே கதை.

அந்தக் கட்டத்துக்கு அர்த்தம் வேறு. அந்தப் போர்ட் வழியாக உள்ளே வரும் ஃபிரேமில் எந்த அடையாளமும் இல்லாவிட்டால் இந்த எண்ணை அதற்கு ஒட்டு என்பதுதான் அது. அப்லிங்கில் உள்ளே வருவது கீழேயிருந்து மேலே வரும் போக்குவரத்து. நெரிசலே இல்லாத திசைக்கு உச்ச முன்னுரிமை கொடுத்துவிட்டு டீ குடித்திருக்கிறேன்.

ஆக ஸ்விட்சில் முன்னுரிமை அமைப்பது இரண்டு இடத்தில் நடக்கும் வேலை. உள்ளே வரும் போர்ட்டில் ஃபிரேமை இனம் பிரிக்க வேண்டும். வெளியேறும் போர்ட்டில் இனத்துக்கேற்ற வரிசையில் நிறுத்தி, எந்த வரிசையிலிருந்து எப்போது எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டவணை இருக்கும்.

இனம் பிரிக்க அடையாளம் வேண்டும். இரண்டு இடத்தில் அது இருக்கலாம். ஒன்று ஈதர்நெட் ஃபிரேமில் செருகப்படும் 802.1கியூ டேக். நான்கு பைட். முதல் 16 பிட் "இது டேக்" என்று சொல்லும், மீதி 16-இல் 12 பிட் வீலேன் எண், ஒரு பிட் நெரிசலில் கைவிடலாமா என்பதற்கு, 3 பிட் முன்னுரிமைக்கு. மூன்று பிட் என்றால் 0 முதல் 7 வரை. 802.1பி என்று எல்லோரும் சொல்வது இந்த மூன்று பிட்டைத்தான். இதில் ஒரு வேடிக்கை, 1 என்பது 0-வைவிடக் கீழ். 0 சாதாரணப் போக்குவரத்து, 1 பின்னணி வேலை. டேக் இல்லாத பழைய கருவிகள் எல்லாம் 0 என்றே கருதப்படும், அவற்றுக்கும் கீழே ஒன்று தேவைப்பட்டது, அதனால் இப்படி.

மற்றொன்று ஐபி பாக்கெட்டின் தலையில் உள்ள ஒரு பைட். இதன் வரலாறு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் வந்த ஆர்எஃப்சி 791 அந்த பைட்டின் முதல் மூன்று பிட்டை முன்னுரிமைக்கு ஒதுக்கியது. எட்டு நிலைகளுக்கும் பெயர் உண்டு. கீழேயிருந்து ரொட்டீன், ப்ரையாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைட் என்று ஏறும். கம்ப்யூட்டர்க்காரர்கள் வைத்த பெயர் மாதிரியே இல்லையே என்று தேடியபோதுதான் தெரிந்தது, இந்த ஐந்தும் அமெரிக்க ராணுவத் தொலைபேசி வலையமைப்பான ஆட்டோவானில் இருந்தவை. அந்தப் போன்களில் நமக்குத் தெரிந்த 12 பொத்தானுக்குப் பதில் 16 இருக்கும். வலது ஓரத்தில் நான்காவதாக ஒரு பத்தி, அதில் இந்த முன்னுரிமைப் பொத்தான்கள். மேல்நிலைப் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டால், லைன் காலி இல்லாதபோது கீழ்நிலை அழைப்பு ஒன்று அப்படியே துண்டிக்கப்படும். நாம் எல்லோரும் அனுப்பும் ஒவ்வொரு ஐபிவி4 பாக்கெட்டிலும் அந்தப் பொத்தான்களின் நிழல் இன்னும் இருக்கிறது.

1998 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 2474 அந்த பைட்டைத் திருத்தி எழுதியது. முதல் 6 பிட் டிஎஸ்சிபி. 0 முதல் 63 வரை. மீதி 2 பிட் பிறகு நெரிசல் அறிவிப்புக்குப் போனது. குரலுக்கு வழக்கமாகத் தரும் மதிப்பு 46. இரும எண்ணில் 101110. முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்தால் 101, அதாவது 5. பழைய கருவிக்கும் இது 5-ஆம் நிலை என்று புரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள்.

நம்மைப் போல மென்பொருள் எழுதுகிறவர்கள் இங்கே வழுக்கி விழுவோம். நிரலில் நாம் கொடுப்பது முழு பைட்டின் மதிப்பு. 46-க்குப் பின்னால் இரண்டு பூஜ்ய பிட் சேர்ந்தால் 184. அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் 46 என்றே கொடுத்தால் டிஎஸ்சிபி 11 ஆகிவிடும், கூடவே நெரிசல் அறிவிப்புப் பிட்டும் தவறாக எரியும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நான் ஒருமுறை இதில் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

நண்பனின் போன்கள் ஒழுங்காக 46 போட்டுத்தான் அனுப்பிக்கொண்டிருந்தன. ஸ்விட்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து வயர்ஷார்க்கில் பார்த்து உறுதிசெய்தேன். ஆனால் போன்கள் டேக் இல்லாமல் அனுப்பின. ஸ்விட்சோ 802.1பி-ஐ மட்டும் நம்பும்படி அமைந்திருந்தது. டேக் இல்லை, ஆகவே எல்லாம் 0. போன் கத்திக்கொண்டிருக்கிறது, ஸ்விட்ச் வேறு காதால் கேட்டுக்கொண்டிருக்கிறது.

டிஎஸ்சிபியை நம்பு என்று மாற்றினேன். அடுத்து அட்டவணை. அந்த ஸ்விட்சில் போர்ட்டுக்கு நான்கு வரிசைதான். 802.1டி-யின் 1998 பதிப்பு சொல்கிறபடி 1, 2 கடைசி வரிசைக்கு, 0, 3 அதற்கு மேல், 4, 5 அதற்கும் மேல், 6, 7 உச்சிக்கு. அந்தக் காலத்தில் குரலுக்கு 6 என்று நினைத்திருந்தார்கள். இப்போது வழக்கம் 5. ஆக இயல்பான அட்டவணையை அப்படியே விட்டால் குரல் உச்ச வரிசைக்குப் போகாமல் மூன்றாவதில், வீடியோவோடு போய் உட்காரும். உச்ச வரிசைக்கு மட்டும் கண்டிப்பான முன்னுரிமை கொடுத்துவிட்டு, குரல் அதில் இல்லவே இல்லை என்று தெரியாமல் இருப்பவர்கள் நிறைய பேர். நான் 46-ஐ மட்டும் உச்ச வரிசைக்கு மாற்றினேன்.

வரிசையிலிருந்து எடுக்கும் முறை இரண்டு வகை. கண்டிப்பான முன்னுரிமை என்றால் மேல் வரிசையில் ஒரு ஃபிரேம் இருக்கும்வரை கீழ் வரிசையைத் திரும்பிப் பார்க்காது. மற்றது முறை வைத்து எடுப்பது, இவனுக்கு இத்தனை, அவனுக்கு அத்தனை. இந்த இரண்டாவதில் ஒரு சிக்கல், எண்ணுவது ஃபிரேமையா பைட்டையா? ஆளுக்கு ஒரு ஃபிரேம் என்றால் 1500 பைட் ஃபிரேம் அனுப்புகிறவன் 200 பைட் அனுப்புகிறவனைவிட ஏழரை மடங்கு எடுத்துக்கொள்வான். 1995-இல் ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் இருவரும் இதற்கு எளிமையான ஒரு தீர்வு எழுதினார்கள். மளிகைக் கடை கணக்கு நோட்டு மாதிரி ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அதில் 1000 பைட் வரவு வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 200 பைட் ஃபிரேம் என்றால் ஐந்து போகலாம். முன்னால் நிற்பது 1500 என்றால் இந்தச் சுற்றில் போக முடியாது, 1000 அப்படியே இருப்பில் நிற்கும். அடுத்த சுற்றில் 2000, ஃபிரேம் போகும், 500 மீதி. வரிசை காலியானால் கணக்கும் பூஜ்யம், யாரும் சேர்த்துவைத்து ஒரேயடியாகச் செலவழிக்க முடியாது. வன்பொருளில் செய்ய மலிவான முறை இது. டெஃபிசிட் ரவுண்ட் ராபின் என்று ஸ்விட்ச் மெனுவில் பார்த்தால் இதுதான்.

குரலுக்குக் கண்டிப்பான முன்னுரிமை, மற்ற மூன்றுக்கும் முறை வைத்து எடுப்பது என்று அமைத்தேன். கண்டிப்பான முன்னுரிமை என்றாலும் ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும் ஃபிரேமை நடுவில் நிறுத்த முடியாது, பந்தியில் சாப்பிடுகிறவரை எழுப்ப முடியாத மாதிரி. அதையும் செய்யலாம் என்று 2016-இல் 802.3பிஆர், 802.1கியூபியூ என்று தரங்கள் வந்தன. அது தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் வண்டிகளுக்கும் தேவை. 12 மைக்ரோ விநாடிக்காக நாம் கவலைப்பட வேண்டாம்.

சோதனை எப்படி? லினக்ஸ் லேப்டாப் ஒன்றை மாடி ஸ்விட்சில் செருகி, தொலைபேசி சர்வருக்கு இரண்டு பிங். ஒன்று சாதாரணமாக, மற்றொன்று 184 என்ற மதிப்போடு. நாலு மணிக்கு ஆளுக்கு ஆயிரம் பாக்கெட். சாதாரண பிங்கில் அறுபதுக்கும் மேல் தொலைந்தது. மற்றதில் ஒன்றுகூடத் தொலையவில்லை. அந்தப் பெண் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நண்பன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போன். "டேய், இப்ப முன்னவிட மோசம். வாய்ஸும் உடையுது, நெட்டும் திறக்கவே மாட்டேங்குது."

அவன் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பையன், நான் 46 என்ற எண்ணை வைத்து மாயம் செய்ததைப் பார்த்திருக்கிறான். காப்பி சீக்கிரம் முடியட்டும் என்று நல்லெண்ணத்தில், விண்டோஸின் குரூப் பாலிசி வழியாக அந்தத் திரைப் பதிவு மென்பொருளின் பாக்கெட்டுகளுக்கும் 46 போட்டுவிட்டான். எல்லோரும் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கிவிட்டார்கள். சிறப்பு வரிசை தர்ம தரிசன வரிசையைவிட நீளமாகிவிட்டது. அதுவும் கண்டிப்பான முன்னுரிமை வேறு, ஆகவே தர்ம தரிசனம் நகரவே இல்லை. இணையப் பக்கம் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

அவனைத் திட்டுவதில் அர்த்தமில்லை. தவறு என்னுடையது. எந்தப் போர்ட்டில் யார் சொல்வதை நம்புவது என்று யோசிக்காமல், 24 போர்ட்டிலும் வருகிற எல்லாவற்றையும் நம்பு என்று சொல்லியிருந்தேன். 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3246, இந்த 46 வகுப்புக்கான ஆவணம், இதைத் தெளிவாகவே சொல்கிறது. கண்டிப்பான வரிசையில் வைத்தால் அது மற்றவர்களுக்குச் செய்யக்கூடிய சேதத்துக்கு வரம்பு கட்டியே ஆக வேண்டும் என்று. நான் அந்தப் பத்தியை முதல் முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

இந்த முறை ஒழுங்காகச் செய்தோம். போன்களைத் தனி வீலேனுக்கு மாற்றினோம். எல்எல்டிபி-மெட் என்ற முறையில் ஸ்விட்சே போனுக்கு "உன் வீலேன் இது, உன் முன்னுரிமை இது" என்று சொல்லிவிடும், 24 போனையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை. அந்த வீலேன் டேக்கோடு வரும் ஃபிரேமில் உள்ள அடையாளத்தை மட்டும் நம்பு, டேக் இல்லாமல் வரும் கம்ப்யூட்டர் போக்குவரத்தில் எந்த எண் இருந்தாலும் 0 ஆக்கு என்று விதி. அதற்கும் மேல் அப்லிங்கில் உச்ச வரிசைக்கு 10 மெகாபிட் வரம்பு. குரலுக்குத் தேவை 2.1, ஐந்து மடங்கு இடம் விட்டாயிற்று. நாளைக்கு யாராவது விதியை உடைத்து உள்ளே வந்தாலும் மற்றவர்களைப் பட்டினி போட முடியாது. 7-ஐ யாருக்கும் தரவில்லை, அது ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள.

இன்னொன்றும் அணைத்தோம், ஃபுளோ கன்ட்ரோல். கீழ் ஸ்விட்சுக்குத் திணறினால் "கொஞ்சம் நிறுத்து" என்று மேல் ஸ்விட்சுக்கு ஒரு ஃபிரேம் அனுப்பும். 802.3எக்ஸ் முறையில் அந்த நிறுத்தம் கேபிள் முழுவதற்கும் பொருந்தும், குரல் வரிசையும் சேர்ந்து நிற்கும். கஷ்டப்பட்டு வரிசை பிரித்துவிட்டு, வாசலையே மூடுவதற்கு ஒருவருக்குச் சாவி கொடுத்த மாதிரி. வகுப்பு வாரியாக நிறுத்தும் முறை 802.1கியூபிபி என்று உண்டு, அது டேட்டா சென்டர் ஸ்விட்சுகளில்தான் அதிகம்.

நண்பன் ஏற்றிய 200 மெகாபிட் இன்டர்நெட் லைன்? அங்கேயும் வரிசை வரலாம், ஆனால் ஸ்விட்சில் அதைத் தேடினால் கிடைக்காது. ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிள் ஜிகாபிட், அது நிரம்பாது. நிரம்புவது சேவை நிறுவனத்தின் பெட்டியில். அந்தப் பெட்டிக்கு நம் 46 பற்றி ஒரு கவலையும் இல்லை. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. நம் ரவுட்டரில் வெளியேறும் வேகத்தை வேண்டுமென்றே 190-க்குக் கட்டுப்படுத்தினால், வரிசை அவர்கள் பெட்டியில் கட்டாமல் நம் கருவியில் கட்டும். நம் கருவியில் கட்டினால் நம் விதி செல்லும். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வரிசையை நம் வீட்டுக்கு இழுத்துவருகிறோம். உள்ளே வரும் திசையில் இந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது, அங்கே வரிசை அவர்கள் பக்கத்தில்தான் நிற்கும். இதை நண்பன் அலுவலகத்தில் இன்னும் செய்யவில்லை, அங்கே இப்போதைக்கு நெரிசலும் இல்லை.

காப்பி நேரத்தை இரவுக்கு மாற்றியிருந்தால் இத்தனை வேலை தேவையா என்று கேட்பீர்கள். நண்பனின் கணக்காளரே கேட்டார். நியாயமான கேள்வி. வரிசையே இல்லாமல் செய்வது, வரிசையை நிர்வகிப்பதைவிட எப்போதும் மலிவு. இரண்டாவது கேபிள் ஒன்றைப் போட்டு இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதும் உதவும், ஆனால் 24-க்கு எதிரே 2 என்பது திடீர் வெள்ளத்தைத் தாங்காது. இப்போது காப்பியை இரவு 11 மணிக்கு மாற்றியிருக்கிறார்கள், முன்னுரிமை அமைப்பும் அப்படியே இருக்கிறது. யாராவது பகலில் ஒரு பெரிய கோப்பை இறக்கினால் அதுதான் காப்பாற்றும்.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். அழைப்புகள் எல்லாம் தரைத்தள சர்வரில்தான் பதிவாகின்றன, அதாவது அப்லிங்கைத் தாண்டிய பிறகு. நண்பனை உட்காரவைத்து, அந்த இரண்டு மாதத்தில் நாலு மணிக்குப் பதிவான பத்து அழைப்புகளைப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றிலும் வாடிக்கையாளர் குரல் சுத்தம், நம் ஆட்கள் குரல் மட்டும் துண்டு துண்டு. அந்தப் பெண்ணுடையது மட்டும் இல்லை, அந்த நேரத்தில் பேசிய அத்தனை பேருடையதும். அவருக்கு மதிப்பெண் போட்டவர்கள் இதே பதிவுகளைக் கேட்டுத்தான் போட்டார்கள். நண்பன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சம்பளத்தில் இரண்டு மாத ஊக்கத்தொகையும் சேர்ந்து வந்ததாக அவரே எனக்குச் சொன்னார். பழைய ஹெட்செட்டையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம், புதுசு காதை வலிக்கிறதாம்.